ஐரோப்பா ஒரே கூரை, வாசற்படிகள் இருபத்தேழு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் மாவட்டத்தில் ஐரோப்பிய யூனியனைப் பற்றி இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. நர்சிங் முடித்த பிள்ளைகளிடம் ஏஜென்சிக்காரர்கள் சொல்வது ஒன்று: “எல்லாம் ஒரே யூனியன்தான். ஒரு நாட்டில் ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கிவிட்டால் இருபத்தேழு நாட்டுக்கும் போகலாம்.” குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் விளை வைத்திருப்பவர்களிடம் ஓடுவது மற்றொன்று: “ஐரோப்பாக்காரன் காட்டுச் சட்டம் கொண்டு வந்துவிட்டான், இனி நம்ம ஷீட்டுக்கு மதிப்பில்லை.” இரண்டும் பாதி உண்மை. முதல் பேச்சை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதை நம்பி, செய்ய வேண்டிய சின்ன வேலையைக்கூடச் செய்யாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த யூனியனில் எந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்று, எது நாட்டுக்கு நாடு மாறும் என்று தெரிந்துகொண்டால் இரு தரப்புக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

யூனியன் போடும் சட்டங்களில் முக்கியமானவை இரண்டு வகை. ‘ரெகுலேஷன்’ என்பது பிரஸ்ஸல்ஸில் நிறைவேறிய வாசகமே அப்படியே எல்லா உறுப்பு நாடுகளிலும் சட்டமாக ஆவது. ‘டைரக்டிவ்’ அப்படியல்ல. அடைய வேண்டிய இலக்கை யூனியன் சொல்லும். அதை எப்படிச் சட்டமாக்குவது என்பதை ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றமும், பெரும்பாலும் இரண்டு ஆண்டு அவகாசத்துக்குள், தானே முடிவு செய்யும். சுங்கவரி, வெளிநாட்டு வணிகம், போட்டிச் சட்டம் போன்றவை முழுக்க யூனியன் கையில் இருக்கின்றன. மருத்துவ சேவையை நடத்துவதும் கல்வியும் நாடுகளின் கையில். கல்வியில் உறுப்பு நாடுகளின் சட்டங்களை ஒன்றாக்கவே கூடாது என்று யூனியனின் ஒப்பந்தத்தில் 165-வது பிரிவு சொல்கிறது. மருத்துவ சேவையை அமைப்பதும் நடத்துவதும் அந்தந்த நாட்டின் பொறுப்பு என்கிறது 168-வது பிரிவு. ஆக, சரக்கு எல்லை தாண்டும் இடத்தில் சட்டம் நெருங்கி வருகிறது. மனிதர் படித்த படிப்பு எல்லை தாண்டும் இடத்தில் விலகி நிற்கிறது.

இது நமக்குப் புரியாத விஷயமல்ல. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழகத்தோடு இணைந்தோம். அன்றே எல்லாச் சட்டமும் ஒன்றாகிவிடவில்லை. திருவிதாங்கூர் காலத்து ஸ்ரீபண்டாரவகை (கோயிலுக்குச் சொந்தமான) நிலங்களுக்காகவே 1964-ல் இந்த மாவட்டத்துக்கென்று தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. பெட்ரோலும் டீசலும் அதற்குள் வராததால், களியக்காவிளைக்கு இப்புறம் ஒரு விலை, அப்புறம் ஒரு விலை. ஐரோப்பாவின் மதிப்புக் கூட்டு வரியும் இதே கதைதான். பொது விகிதம் 15 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது மட்டுமே யூனியன் விதி. அதற்கு மேல் லக்சம்பர்க் 17, ஜெர்மனி 19, ஹங்கேரி 27 என்று அவரவர் வசதிப்படி வைத்திருக்கிறார்கள். தரையை யூனியன் போடும், சுவர் எழுப்புவது அவரவர் வேலை. வீட்டுக்கு வீடு வாசற்படி.

இனி நர்சிங். 2005-ல் வந்த 36-ம் எண் டைரக்டிவ்தான் தொழிற்கல்வித் தகுதிகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கு அடிப்படை. பொது நர்ஸ் படிப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள், 4,600 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்காவது பாடம், பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. ஓர் உறுப்பு நாட்டில் இந்த அளவில் படித்தவரின் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகள் தாமாக ஏற்க வேண்டும். ஏஜென்சிகள் காட்டுவது இந்த வரியைத்தான். அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, இது யூனியனுக்குள் படித்தவர்களுக்கான ஏற்பாடு. மற்றொன்று, யூனியன் குடிமக்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாங்கிய பி.எஸ்சி., ஜி.என்.எம். சான்றிதழை முதன்முதலில் எடைபோடுவது எந்த நாடோ, அந்த நாட்டின் சட்டப்படிதான் முடிவு. அந்த நாடு ஏற்று, அங்கேயே மூன்று ஆண்டு நர்ஸாக வேலை செய்து, அதற்கு அந்த நாட்டின் சான்றும் இருந்தால்தான் வேறொரு உறுப்பு நாட்டில் டைரக்டிவ் வழியாகக் கதவைத் தட்ட முடியும். அப்போதும் தானாக ஏற்பு கிடைக்காது. இரண்டாவது நாடு பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்து, குறை இருந்தால் தேர்வோ பயிற்சியோ கேட்கலாம். அந்த நாட்டின் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். விசாவும் வேலை அனுமதியும் தனி. அதற்குள் ஐரோப்பியக் குடியுரிமை வாங்காதவர், நீலஅட்டை (உயர் தகுதி வேலைக்காரர்களுக்கு யூனியன் திட்டப்படி தரும் அனுமதி) அல்லது நீண்டகாலக் குடியிருப்பு உரிமை போன்ற ஒன்றைக் கையில் வைத்திருந்தால்தான் இந்த டைரக்டிவின் பாதுகாப்பைக் கேட்கவே இடமிருக்கிறது.

யூனியனுக்குள்ளேயே இந்த ஏற்பு எவ்வளவு பாடுபட்டு வந்தது என்பதற்கு ஒரு சான்று: போலந்திலும் ருமேனியாவிலும் பழைய பாடத்திட்டத்தில் படித்த நர்சுகளுக்கு அந்த டைரக்டிவுக்குள்ளேயே தனிப் பிரிவுகள் சேர்க்க வேண்டியிருந்தது. சொந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே இப்படியென்றால், வெளியிலிருந்து போகிறவர்கள் காகிதத்தை எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்!

அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நம் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர், பெற்ற மதிப்பெண், மொத்த மதிப்பெண் இருக்கும். ஜெர்மன் அதிகாரிக்கு மதிப்பெண்ணால் பயனில்லை. முதியோர் பராமரிப்பு எத்தனை மணி நேரம், குழந்தை நலம் எத்தனை, மனநலம் எத்தனை, அதில் வகுப்பறை எவ்வளவு, வார்டு எவ்வளவு என்பதுதான் வேண்டும். கல்லூரி தரும் டிரான்ஸ்கிரிப்டில் மணிநேரக் கணக்கு பாடவாரியாகவும் வகுப்பு, வார்டு என்று தனித்தனியாகவும் இருக்க வேண்டும். கூட்டினால் மொத்தம் பொருந்த வேண்டும். கல்லூரி முத்திரையும் கையெழுத்தும் ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பது நல்லது. படித்து முடித்துப் பத்து ஆண்டு கழித்து இதைத் தேடிப் போனால் பழைய பாடத்திட்டமே கிடைக்காமல் அலைய நேரிடும். பட்டம் வாங்குகிற அன்றே கேட்டு வாங்கி வைக்க வேண்டிய காகிதம் இது.

அடுத்தது நம் தலைப்பெழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓரெழுத்து. நர்சிங் கவுன்சில் பதிவில் அதே எழுத்து பெயருக்கு முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயர் இடத்தில். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்ததில் கணவர் பெயர். நமக்கு நாலும் ஒருவரே. வேறு நாட்டு அலுவலகத்தில் நாலு பேர். விண்ணப்பித்த பிறகு திருத்தினால் ஒவ்வொரு மொழிபெயர்ப்பையும் மறுபடி செய்ய வேண்டிவரும். அதற்கும் காசு. பாஸ்போர்ட்டும் கவுன்சில் பதிவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்படி முதலில் சரிசெய்துவிட்டுத்தான் மொழி வகுப்பில் சேரவே வேண்டும் என்பேன்.

முத்திரை விஷயத்திலும் நாடுகள் ஒன்றுபோல் இல்லை. ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு நம்புவதற்காகப் போடும் முத்திரைதான் அப்போஸ்டில். அந்த ஒப்பந்தத்தில் இந்தியா 2005-ல் சேர்ந்தபோது ஜெர்மனி அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. இத்தாலிக்குப் போகிறவருக்கு உதவும் முத்திரை ஜெர்மனிக்குப் போகிறவருக்கும் உதவும் என்று எண்ணி, கட்டுக்கட்டாக அப்போஸ்டில் போட்டு வைப்பது வீண் செலவாகலாம். எந்த மாநில அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ அது என்ன கேட்கிறது என்று எழுத்தில் வாங்கிய பிறகே முத்திரைக்குப் பணம் கட்டுங்கள்.

மாநில அலுவலகம் என்று சொல்லக் காரணம், ஜெர்மனியில் நர்ஸ் தகுதியை எடைபோடுவது பதினாறு மாநிலங்களின் அலுவலகங்கள். 2020 ஜனவரி முதல் நர்சிங் தொழிலுக்கு நாடு முழுவதும் ஒரே சட்டம் இருந்தாலும், கேட்கும் காகிதமும் ஆகும் காலமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முழு உரிமத்துக்குப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 என்ற மேல்-நடுத்தர நிலை வேண்டும். நம் படிப்புக்குப் பெரும்பாலும் உடனடியாக முழு ஏற்பு வருவதில்லை. இன்னின்ன பாடத்தில் குறை என்று ஒரு கடிதம் வரும். பயந்துவிட வேண்டாம், அது நிராகரிப்பல்ல. அதன்பின் இரண்டு வழி: மருத்துவமனையில் ஈடுகட்டும் பயிற்சி, அல்லது வாய்மொழியும் செய்முறையும் சேர்ந்த அறிவுத் தேர்வு. வேலை கொடுக்கிறவர் வழியாக விரைவு நடைமுறையில் போனால் அயல்நாட்டவர் அலுவலகக் கட்டணம் 411 யூரோ, ஏற்புக் கட்டணமும் மொழிபெயர்ப்பும் தனி. பெரும்பாலான வீடுகளில் கணக்கு தவறுவது சம்பளத்தில்தான். முழு ஏற்பு வரும்வரை உதவியாளர் நிலையில்தான் வேலை, சம்பளமும் அதற்குத்தான். ஒப்பந்தத்தில் ஏற்புக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரண்டு தொகையும் எழுதப்பட்டிருக்கிறதா, இடையில் விலகினால் மொழி வகுப்புச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லும் வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

அயர்லாந்து அதே யூனியன்தான், ஆனால் வழி முழுக்க வேறு. ஒரே தேசியக் கவுன்சில் நம் காகிதங்களைப் பார்க்கும். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி தேர்வு. பிறகு மருத்துவமனையில் தகவமைப்புக் காலம், அல்லது திறன் தேர்வு. ஜெர்மன் படிக்க வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் ஒரே விசாவில் நாடு விட்டு நாடு போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லை. அந்த நாட்டு அனுமதியை வைத்துக்கொண்டு பாரிசுக்குச் சுற்றிப் பார்க்கக்கூடப் போக முடியாது, தனி விசா வேண்டும். யூனியனின் நீலஅட்டைத் திட்டத்திலும் அயர்லாந்து இல்லை, டென்மார்க்கும் இல்லை. நீலஅட்டை இருக்கிற 25 நாடுகளிலும் தேவைப்படும் சம்பளம் ஒன்றல்ல. அந்தந்த நாட்டின் சராசரிச் சம்பளத்தில் ஒரு மடங்கிலிருந்து 1.6 மடங்கு வரை எங்கு வேண்டுமானாலும் கோடு போடலாம் என்று 2021-ம் ஆண்டு டைரக்டிவ் விட்டுவிட்டது. ஒரு நாட்டின் அட்டையோடு 12 மாதம் கழித்து வேறொரு நாட்டுக்கு மாற வழி உண்டு. அங்கேயும் புதிதாக விண்ணப்பித்து, அங்குள்ள கோட்டைத் தாண்ட வேண்டும்.

குறைந்தபட்சக் கூலியும் அப்படியே. 2022-ல் யூனியன் ஒரு டைரக்டிவ் போட்டது. தொகையை அது சொல்லவில்லை. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளில் சட்டப்படியான பொதுக் குறைந்தபட்சக் கூலியே கிடையாது. தொழிற்சங்க ஒப்பந்தங்கள்தான் கூலியைத் தீர்மானிக்கின்றன. ‘ஐரோப்பியக் குறைந்தபட்ச சம்பளம் உறுதி’ என்று யாராவது நோட்டீஸ் அடித்தால், அப்படி ஒரு தொகை இல்லை என்று கொள்ளலாம்.

ரப்பருக்கு வருவோம். 2023-ன் 1115-ம் எண் காடழிப்புத் தடைச் சட்டம் ரெகுலேஷன் வகை. மாடு, கோக்கோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் அவற்றிலிருந்து செய்த பொருட்களும் இதில் அடங்கும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தது எதுவும் யூனியன் சந்தைக்குள் வரக் கூடாது. இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, இப்போது பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, மிகச் சிறிய, சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்று நாள் குறித்திருக்கிறார்கள். நம் ஷீட் நேராகக் கப்பல் ஏறாவிட்டாலும் விட்ட கதையில்லை. அது உள்நாட்டு டயர் ஆலைக்குப் போய், அந்த டயர் ஐரோப்பா போனால், ‘ரப்பர் எந்த நிலத்தில் வெட்டியது?’ என்ற கேள்வி ஆலை, வியாபாரி வழியாக விளைக்கே திரும்பி வரும்.

இதில் எல்லா நாட்டுக்கும் ஒன்றாக இருப்பவை: தேதி, பொருள் பட்டியல், நில அடையாளம் (விளைந்த இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்). மாறக்கூடியது தண்டனை. முந்தைய 2010-ம் ஆண்டு மரச் சட்டத்தில் அபராதத்தை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி வைத்ததில் ஓரிடத்தில் கடுமை, இன்னோரிடத்தில் கண்துடைப்பு. தளர்ந்த துறைமுகம் ஒன்று இருந்தால் போதும், சரக்கு அதன் வழியாக நுழைந்து மொத்தச் சந்தைக்கும் போய்விடும். அந்தப் பாடத்தைப் படித்துத்தான் புதிய சட்டத்தில், அபராதத்தின் உச்சவரம்பு நிறுவனத்தின் யூனியன் அளவிலான ஆண்டு விற்பனையில் குறைந்தது 4 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று தரை போட்டிருக்கிறார்கள். இங்கேயும் தரை ஒன்று, சுவர் அவரவருடையது. சோதனை செய்கிற அலுவலகமும் நாட்டுக்கு ஒன்று. காடழிப்பு அபாயத்தை வைத்து நாடுகளைப் பிரித்து 2025 மே மாதம் வெளியான பட்டியலில் இந்தியா ‘குறைந்த அபாய’ நாடு. ஆண்டுக்கு இறக்குமதியாளர்களில் 1 சதவீதத்தினரைச் சோதித்தால் போதும் (நடுத்தர அபாயத்துக்கு 3, உயர் அபாயத்துக்கு 9). ஆனால் குறைந்த அபாயம் என்பதால் நில அடையாளம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இறக்குமதியாளர் அதைச் சேர்த்தே தீர வேண்டும்.

செய்ய வேண்டியது அவ்வளவு பெரிய வேலையல்ல. நிலம் 4 ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ 9 ஏக்கர் 88 சென்ட் வரை இருந்தால், ஒரு புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். நம் சிறு விவசாயிகள் பெரும்பாலோர் இதற்குள்தான் வருவார்கள். அதற்கு மேலிருந்தால் எல்லை முழுவதையும் சுற்றிக் குறிக்க வேண்டும், தொடங்கிய புள்ளியிலேயே கோடு வந்து மூட வேண்டும். எண்ணில் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் கட்டாயம். ஒருவருக்கு ஓரிடத்தில் 40 சென்ட், ஆற்றுக்கு அக்கரையில் 75 சென்ட், இன்னோரிடத்தில் ஒரு ஏக்கர் என்றால் மூன்று புள்ளி.

தவறு நேர்வது எங்கே? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் இடத்தைப் பிடித்து அனுப்புவார்கள். புள்ளி வீட்டின் மேல் விழும். விளையின் நடுவில் நின்று, மர நிழலில் ஜிபிஎஸ் நிலைப்படும்வரை ஓரிரு நிமிடம் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, எண்களை முன்பின்னாக மாற்றி எழுதுவது. குலசேகரத்தின் அட்சரேகை 8-ல் தொடங்கும், தீர்க்கரேகை 77-ல். யூனியனின் கணினி ஏற்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில். போனில் வருவது போல அப்படியே ஒட்டினால் நம் ரப்பர் விளை வடதுருவத்துக்குப் பக்கத்தில் கடலுக்குள் போய் நிற்கும். மூன்றாவது கலப்பு. பல விளைகளின் பாலைக் கலக்கலாம், எல்லா விளையின் புள்ளியும் கணக்கில் இருக்கும்வரை. ஒரு டிரம் பாலில் ஒரு வாளி அடையாளம் தெரியாத இடத்திலிருந்து வந்தால் டிரம் முழுக்க அடிபடும். பத்துப் பேரின் ஷீட் ஒரே புகைக்கூடத்தில் தொங்கும் இடங்களில் எந்தத் தேதியில் யாருடையது எத்தனை கிலோ என்று ஒரு நோட்டு வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒட்டுப்பாலுக்கும் இதே கணக்குதான்.

இன்னொரு பயம், மறுநடவு. பழைய மரத்தை வெட்டி மறுபடி ரப்பர் வைப்பது இந்தச் சட்டப்படி காடழிப்பு ஆகாது, ரப்பர் தோட்டம் விவசாயத் தோட்டக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் பச்சை போய் வெட்டவெளி தெரியும், சந்தேகம் கிளம்பும். வெட்டுவதற்கு முன் எடுத்த படம், கன்று வாங்கிய ரசீது, நட்ட தேதி ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் பதில் சொல்லலாம். காடழிப்பு இல்லை என்பதோடு உள்நாட்டுச் சட்டப்படியும் விளைந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. பட்டா யார் பெயரில், நிலம் 1949-ம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா, அப்படியானால் வெட்ட அனுமதி வாங்கியாயிற்றா என்ற கேள்விகள் நம் மேற்குப் பகுதிக்கு மிக முக்கியம். இதற்கு பிரஸ்ஸல்ஸ் பதில் சொல்லாது, நம் வருவாய்த் துறையும் வனத்துறையும்தான் சொல்ல வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாக மூன்று வேண்டுகோள். வெளிநாட்டு வேலை விளம்பரம் ஏற்கும்போது ‘ஐரோப்பா’ என்ற சொல்லோடு விடாமல் எந்த நாடு என்றும், 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் அந்த ஏஜென்சியின் பதிவு எண் என்ன என்றும் அச்சிட வலியுறுத்துங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. இதையும் பக்கத்திலேயே போட்டால் பல குடும்பங்களின் நகை தப்பும். இரண்டாவது, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசின் அமைப்பான நோர்க்கா 2021-ல் ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையோடு நேரடி ஒப்பந்தம் செய்து நர்சுகளை அனுப்பத் தொடங்கியதுபோல, நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இந்த மாவட்டத்தில் ஆலோசனை மையம் ஒன்றைத் திறக்க வேண்டும். நர்சிங் பிள்ளைகள் விவரம் கேட்க சென்னைக்கு இரவு ரயில் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது, ரப்பர் வாரியமும் வருவாய்த் துறையும் சேர்ந்து, பால் வெட்டு ஓய்ந்திருக்கும் கோடை மாதங்களில் கிராமம் கிராமமாக முகாம் நடத்தி, பட்டாவும் புல வரைபடமும் ஜிபிஎஸ் புள்ளியும் ஒரே நாளில் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். 40 சென்ட்காரர் தன் கைக்காசைப் போட்டு சர்வேயரைத் தேடி அலையும் நிலை வரக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.